படத்துக்கு ஓர் அடிகுழாய்

அடிகுழாயின் காலடியில் பூசிய சிமெண்ட் காய்வதற்குள் பாண்டீஸ்வரி தன் குடத்தை முதல் ஆளாகக் கொண்டுபோய் வைத்துவிட்டாள்.

ஊரில் போர்வெல் வற்றிப்போனதிலிருந்து அவள் பொட்டலைத் தாண்டித் தோப்புக் கிணற்றுக்கு நடந்துகொண்டிருக்கிறாள். கலெக்டர் ஆபீஸுக்குத் திங்கட்கிழமைதோறும் போய் மனுக் கொடுத்துச் செருப்பும் தேய்ந்துவிட்டது.

இன்றைக்குக் காலையில் ஒரு வேன் வந்து, பளபளவென்று ஒரு குழாயை இறக்கி, பொட்டலின் நடுவில் நட்டதைப் பார்த்ததும் யாரோ ஓர் அதிகாரிக்கு மனசு இரங்கிவிட்டது என்று நினைத்தாள். நினைத்தது தப்பில்லை. அவளுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பெண்கள் குடத்தோடு வந்து நின்றார்கள்.

கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் ஓடிவந்து, அவள் குடத்தை ஷூக் காலால் ஒதுக்கினார்.

"அம்மா, இது உங்க ஊருக்கு இல்ல. படம் எடுத்துட்டுக் கழட்டிருவோம்."

விஷயத்தை உடைத்தவன் வேன் டிரைவர் அழகுபாண்டி. கண்ணாடிக்காரர் பெயர் விஸ்வநாத். மதுரை பசுமலையில் ஆபீஸ். ஏழை நாடுகள் எவ்வளவு தூரம் முன்னேறியிருக்கின்றன என்று அளந்து சொல்வது அவர் தொழில். இந்த முறை அவரிடம் மாட்டிக்கொண்டது சியரா லியோன். மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கிறது. அங்கே போய், போட்ட குழாய்களில் தண்ணீர் வருகிறதா, சனங்கள் கொஞ்சமாவது தலையெடுத்திருக்கிறார்களா என்று பார்த்து, படத்தோடு அறிக்கை கொடுக்க வேண்டும்.

"அம்புட்டு தூரம் எவன் போறது? அங்கயும் செம்மண்ணு, பனைமரம், ஆடு. இங்கயும் அதேதானக்கா" என்றான் அழகுபாண்டி.

விஸ்வநாத் ஒன்றும் சோம்பேறி இல்லை. அவனியாபுரம் வழியாக, விமான நிலையத்தையே தாண்டித்தான் வந்திருக்கிறார். அவரைப் பொறுத்தவரை அதற்கு அப்புறம் எல்லாம் வெளிநாடு.

ஆள் மட்டும் அசல். சியரா லியோனிலிருந்து மதுரைக்குப் படிக்க வந்த ஹவா என்ற பெண்ணை, பயிற்சிச் சான்றிதழ் தருவதாகச் சொல்லிக் கூட்டி வந்திருந்தார். சுடிதாரில் வந்து இறங்கியவளிடம் சிம்மக்கல்லில் வாங்கிய பூப்போட்ட துணி ஒன்றைக் கொடுத்து, சுற்றிக்கொள்ளச் சொன்னார்.

அவள் அதை விரித்துப் பார்த்தாள். "சார், இது பெட்ஷீட்டு."

"படத்துல தெரியாது" என்றார் விஸ்வநாத். அவருடைய படிப்பு முழுவதும் அந்த ஒரு பதிலில் இருந்தது.

முதலில் ‘முன்னேற்றத்துக்குப் பின்’ என்ற படம். குழாய்க்குக் கீழே துளையும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. அழகுபாண்டி பின்னால் மறைந்து நின்று கேன் தண்ணீரை மேலே ஊற்ற, ஹவா சிரித்துக்கொண்டே கைப்பிடியை அடிக்க வேண்டும். அடித்தாள். தண்ணீர் பளிங்காக வந்து விழுந்து மண்ணுக்குள் போனது.

பாண்டீஸ்வரி தன் குடத்தைத் தொட்டுக் காட்டினாள். "படத்துக்குன்னாலும் தண்ணி தண்ணிதான சார். அது என் கொடத்துல விழுந்தா படம் கெட்டா போயிரும்?"

கெட்டுப்போகுமாம். பிளாஸ்டிக் குடத்தின் நீலம் கண்ணை உறுத்துமாம். அடுத்த கேனைத் திறந்தபோது ஹவா தானாகவே குடத்தை இழுத்துக் குழாய்க்கு நேராக வைத்தாள். விஸ்வநாத் அதை எடுத்துக்கொண்டுபோய் வேனுக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்தார். ஒரு நாட்டையே முன்னேற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில் இப்படி இடைஞ்சல் செய்தால் அவரும்தான் என்ன செய்வார்.

அந்தப் படம் முடிந்ததும் குழாயைப் பிடுங்கி வேனில் ஏற்றினார்கள். சிமெண்ட் மட்டும் நசுங்கிக் கிடந்தது. வரிசையில் நின்ற பெண்கள் மண்ணை வாரித் தூற்றாத குறையாகக் கலைந்து போனார்கள்.

அடுத்தது ‘முன்னேற்றத்துக்கு முன்’. இதற்கு என்ன ஏற்பாடு செய்வது என்று விஸ்வநாத் தாடையைத் தடவிக்கொண்டிருந்தார். பாண்டீஸ்வரி காறித் துப்பிவிட்டு, வேனுக்குப் பின்னால் கிடந்த வெறுங்குடத்தை எடுத்து இடுப்பில் இடுக்கிக்கொண்டு தோப்பைப் பார்த்து நடந்தாள்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது.

ஹவாவின் கையில் ஒரு மண்குடத்தைக் கொடுத்து, ஓடிப்போய் அந்த அம்மாவோடு நடக்கச் சொன்னார். பின்னாலிருந்து எடுத்தால் முகம் தெரியாது. வறுமைப் படத்துக்கு அந்த நீலக் குடமும் உறுத்தாதாம். வெயிலில் கறுத்த கை எந்த நாட்டுக் கை என்று யார் கேட்கப்போகிறார்கள். ஐந்து பைசா செலவில்லாமல் அசல் வறுமை கிடைத்ததில் அவருக்குத் தன் மேலேயே மதிப்புக் கூடிவிட்டது.

ஹவா பெட்ஷீட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள். கொதிக்கிற மண்ணில் அவளுக்குக் கால் வைக்கத் தெரியவில்லை. பாண்டீஸ்வரிக்குக் கோபம் போய் இரக்கம் வந்தது. எங்கேயோ பிறந்து, கடல் தாண்டிப் படிக்க வந்த இடத்திலும் இவள் கையில் குடத்தைக் கொடுத்துவிட்டார்களே.

"ஒங்க ஊர்லயும் தண்ணிக்கு இப்பிடித்தான் அலையிறீகளா, தாயி?"

ஹவா மண்குடத்தை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டாள். சொல்லத் தயங்குவது தெரிந்தது. மதுரையில் கற்ற தமிழில்தான் கடைசியில் சொன்னாள்.

"இல்லக்கா. எங்க வீட்டு வாசல்லயே கொழாய் இருக்கு. தண்ணிக்கு நடக்குறது இங்கதான் மொத தடவ."

பின்னாலிருந்து விஸ்வநாத்தின் குரல் கேட்டது. "அருமை. திரும்பாதீங்க. அப்படியே போய்க்கிட்டே இருங்க."

பாண்டீஸ்வரி போய்க்கொண்டே இருந்தாள். அவர் சொன்னதற்காக இல்லை. வீட்டில் குடிக்கச் சொட்டுத் தண்ணீர் கிடையாது.