பித்தளை ஒட்டு

"இதுவும் டூப்ளிகேட்தான்" என்றான் திருமுருகன். முட்டி போட்டு முன் ஃபோர்க்கைப் பார்த்துக்கொண்டிருந்தவன் எழுந்து பேண்டில் ஒட்டிய மண்ணைத் தட்டினான்.

சின்னதுரைக்கு முகம் சுண்டிவிட்டது. "எங்கப்பா சைக்கிள் சார் இது. ஏரிக்கரையில ஷூட்டிங் நடந்தப்ப கம்பெனிக்காரங்க கேட்டு வாங்கிக்கினு போனாங்க. ஹீரோ கீழ போட்டு ஃபோர்க்கை ஒடச்சிட்டாரு. அவங்களே பித்தளையில ஒட்டிக் குடுத்தாங்க. ஊரே பார்த்துது."

"ஊரு சொன்னா போதாதுங்க. போட்டோ சொல்லணும்."

பையிலிருந்து புகைப்படத்தை எடுத்து நீட்டினான். ஏரிக்கரையில் எடுத்த அந்த சினிமாவின் பிரதி ஒன்றுகூட இன்று இல்லை. மிஞ்சியது இந்த ஒரு ஸ்டில்தான். முன்னாலிருந்து எடுத்தது. ஹீரோ மிதிக்கிறார், தாவணி போட்ட கதாநாயகி பாரில் உட்கார்ந்து சிரிக்கிறாள். ஃபோர்க்கில் பித்தளை ஒட்டு மின்னுகிறது.

"ஒட்டு எந்தப் பக்கம்னு பாருங்க. ஓட்டுறவரோட இடது கைப் பக்கம். உங்க சைக்கிள்ல வலது பக்கம் இருக்கு."

சின்னதுரையின் மனைவி இளவரசி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "ஐயே, இந்தம்மா இன்னா தாவணிய வலது தோள்ல போட்டுக்கினு இருக்குது?"

"சினிமாக்காரங்க எப்படி வேணா போடுவாங்க. நீ போயி டீ எடுத்தா."

"அப்பவே எடுத்தாந்தேன். அவுருதான் தொடவே இல்ல. டீயும் டூப்ளிகேட்டுன்னு நெனச்சிட்டாரு போல."

திருமுருகனுக்குச் சிரிப்பு வரவில்லை. புதுச்சேரியில் பழைய சினிமாப் பொருட்களுக்கென்று ஒருவர் காட்சிக்கூடம் கட்டியிருந்தார். அதன் நடுவில் நிறுத்த இந்த சைக்கிளைத் தேடித் தருவதாகத் திருமுருகன் வாக்குக் கொடுத்து வருஷக்கணக்காகிறது. கடலூரில் ஒன்று பார்த்தான், சேலத்தில் ஒன்று, செஞ்சியில் ஒன்று. எல்லாவற்றிலும் ஒட்டு சரியாக இடது பக்கம்தான் இருந்தது. ஆனால் எல்லாமே நேற்று ஒட்டி, இன்று துருப்பிடிக்க வைத்தவை.

திண்டிவனம் பக்கத்தில் இப்படி ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டுத்தான் கடைசி நம்பிக்கையாக வந்தான். இரும்பு பழையது. ஒட்டும் பழையது. பக்கம்தான் தப்பு. அதுதான் அவனை அறுத்தது.

"நிச்சயமாத்தான் சொல்றீங்களா சார்?" என்றான் சின்னதுரை.

"வேணும்னா எழுதித் தரட்டுமா?"

"அதெல்லாம் வேணாம். வாயால சொன்னா போதும். இனிமே எதுக்கு இதைப் பொத்திப் பொத்தி வச்சிக்கினு இருக்கணும்? கொல்லையில மல்லாட்டைச் செடியெல்லாம் களை மண்டி, வேலை தலைக்கு மேல கெடக்குது."

திண்டிவனம் பேருந்து நிலையத்திலிருந்து திருமுருகன் புதுச்சேரிக்காரரிடம் போனில் பேசினான். "விடுங்க தம்பி. நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன்" என்று அவர் போனை வைத்துவிட்டார்.

விழுப்புரம் பேருந்து விக்கிரவாண்டியில் ஒரு மணி நேரமாக நெரிசலில் நின்றது. முன் இருக்கையில் சோர்ந்து உட்கார்ந்திருந்தவன் டிரைவர் தலைக்கு மேலிருந்த கண்ணாடியையே வெறித்தான். பின்னால் கம்பியைப் பிடித்து நின்ற ஒரு பெண் அதில் தெரிந்தாள். முந்தானை வலது தோளில்.

திரும்பிப் பார்த்தான். இடது தோளில்.

அவசரமாகப் புகைப்படத்தை உருவி, பின்பக்கம் தன்னைப் பார்க்கும்படி திருப்பி, ஜன்னல் வெயிலில் பிடித்தான். தாவணி இடது தோளுக்கு வந்தது. பித்தளை ஒட்டு வலது பக்கம் போனது.

பிரிண்ட் போட்டவன் நெகட்டிவைப் புரட்டி வைத்திருக்கிறான். போலி செய்தவர்கள் எல்லோரும் இந்தப் போட்டோவைப் பார்த்துத்தான் செய்திருக்கிறார்கள். போட்டோவைப் பார்க்காமல் ஒட்டியது ஒன்றே ஒன்று. அதைத்தான் அவன் தள்ளிவிட்டு வந்திருக்கிறான்.

உடனே சின்னதுரைக்குப் போன் போட்டான்.

"அண்ணே, அதுதான்! உங்க சைக்கிள்தான் ஒரிஜினல்! யாரையும் தொட விடாதீங்க, இதோ திரும்பி வர்றேன்!"

அந்தப் பக்கம் இளவரசியின் குரல் எங்கோ தள்ளிக் கேட்டது: "யாரு, அந்த டூப்ளிகேட் சாரா?"

சின்னதுரை தொண்டையைச் செருமினான்.

"இன்னா சார் நீங்க... நீங்க போனதுமே வெல்டிங் கடையில அதை ரெண்டா வெட்டி, மல்லாட்டைக்குக் களையெடுக்குற வண்டி பண்ணியாச்சே!"