காலில் புண் இல்லை

"இந்த மெஷின் பொய் எழுதுது!"

கத்திவிட்டு டாக்டர் உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். இருப்புக்கொள்ளவில்லை. வெளியே பதினேழு பேர் காத்திருந்தார்கள்.

எதிரே லாரி டிரைவரின் மகள், கையில் சீட்டோடு நின்றாள்.

"எங்கப்பா சர்க்கரைக்காரர். பத்து நாள் முன்னாடிதான் உங்ககிட்ட காட்டினோம். 'காலில் புண் இல்லை'ன்னு இதுல இருக்கு. இன்னிக்கு பெரிய ஆஸ்பத்திரியில விரலையே எடுக்கணும்ங்கறாங்க. என்ன பதில் சொல்றீங்க?"

புகார் என்று போனால் டாக்டரின் இருபத்தோரு வருடப் பெயர் போய்விடும்.

பேச்சைக் கேட்டுத் தானாகக் குறிப்பெழுதும் ஏஐ மெஷின் அது. வந்து இரண்டு மாதம். டாக்டர் வாயால் சொன்னால் போதும், மறு நொடி சீட்டு கைக்கு வந்துவிடும்.

அதற்கு முன் ஒன்பது வருடம் சீட்டெழுதியவர் சிஸ்டர். டாக்டர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு, நோயாளியைத் திரைக்கு அந்தப் பக்கம் உட்காரவைத்து எழுதுவார். ஒரு சீட்டுக்கு நாலு நிமிடம். போதாததற்கு, "இவரை இன்னொரு தடவை பாருங்க டாக்டர்" என்று சிலரைத் திருப்பிக் கூட்டிவருவார். 'ஆமை' என்று பெயர் வைத்ததே டாக்டர்தான். மெஷின் வந்த அன்றே அவரைக் கட்டுப்போடும் அறைக்கு அனுப்பியாயிற்று.

டாக்டர் கூப்பிட்டதும் மெஷின் கம்பெனிக்காரர் வந்து, பத்து நாள் முந்தைய பதிவைப் போட்டார். டாக்டரின் குரல் கணீரென்று கேட்டது.

"சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கு. காலில் புண் இல்லை. அடுத்த ஆளை வரச் சொல்லுங்க."

"அப்பா ஷூவைக் கழட்டவே இல்லையே சார்!" என்றாள் மகள்.

"வாய்ப் பழக்கம்மா... தானா வந்துடுது." டாக்டரின் குரல் இறங்கியது. உடனே ஏறியது. "சிஸ்டரைக் கூப்பிடுங்க! அவங்களே சொல்லட்டும்."

சிஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றார்.

"ஒன்பது வருஷம் எழுதினீங்களே சிஸ்டர், ஒரு சீட்டாவது தப்பாயிருக்கா? அப்பவும் இதே டாக்டர்தானே, இதே வாய்தானே? இந்தச் சனியன் வந்தப்புறம்தானே இந்தக் கூத்து?"

சிஸ்டர் மகளைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"அப்பவும் நீங்க இப்படித்தான் சொல்லுவீங்க டாக்டர். நான்தான் திரைக்கு அந்தப் பக்கம் கூட்டிட்டுப்போய், செருப்பைக் கழட்டிப் பார்த்துட்டு எழுதுவேன்."