கீறல் விழாத கடிகாரம்

மறுநாள் தனியாக மலையேறப் போகிற செண்பகவல்லிக்கு, விலை குறைந்த, அடி தாங்குகிற கைக்கடிகாரம் ஒன்று வேண்டியிருந்தது. அடிவாரக் கடைக்காரர் சவரிமுத்து புதியவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டு அடித்தட்டிலிருந்து ஒரு தகரப் பெட்டியை எடுத்தார்.

“பழசுதான், பாதி விலை. உச்சிப் பாறையிலேருந்து விழுந்து மழைக்காலம் பூரா வெளியில கெடந்துச்சு. ஒரு கீறல் இல்ல. ஒரு நிமிஷம்கூட ஸ்லோ ஆகல. இதுக்கு மேல என்ன சோதனை வேணும் உங்களுக்கு?”

“கட்டியிருந்தவரு?”

“தேடிப் போனவங்களுக்கு வாட்ச் மட்டும்தான் கெடச்சுது” என்றார், அதுவும் கடிகாரத்தின் சிறப்புகளில் ஒன்று என்பதுபோல.

ரேடியம் முட்களைச் சோதிக்க, எல்லோரும் செய்வதுபோல, அவள் அதைப் பெட்டியிலிருந்து எடுக்காமலே அதன்மேல் உள்ளங்கையைக் குவித்து ஒற்றைக் கண்ணை வைத்தாள். பச்சை வெளிச்சத்தில் கண் கூசியது.

“இன்னிக்கு வெயில்ல வச்சிருந்தீங்களா?”

“இல்லியே. வந்த நாள்லேருந்து பெட்டிக்குள்ளதான்.”

“வெயில் பட்டாத்தானே இது எரியும்?”

அவரும் அதை எடுத்துக் கை குவித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அவளிடம் தரும்போது வாரைத் தொடாமல் முகப்பைப் பிடித்தே தந்தார். அவள் வாங்கியதும் வார் கையைச் சுட்டது. அதன் உட்புறம் வியர்வையில் பிசுபிசுத்தது.

அவள் அதைக் கைக்குள் பொத்திக்கொண்டு வாசலுக்கு வந்தாள். தெருவில் விளக்கு போட்டுவிட்டார்கள். மலை முழுக்க இருட்டியிருந்தது. உச்சிப் பாறையில் மட்டும் கொஞ்சம் வெயில் மிச்சமிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் போயிற்று.

கைக்குள் கடிகாரம் மெல்லக் குளிர ஆரம்பித்தது.