சிவப்பைக் கொடுத்தவன்

குசுமி சிவப்புக் காயைப் போட்டார்.

மேசையில் எல்லாருடைய கையும் நின்றது.

ஒகுடா ஏற்கெனவே வெள்ளையில் மூன்றும் பச்சையில் மூன்றும் சேர்த்து, எல்லாரும் பார்க்கும்படி திறந்து வைத்திருந்தான். சிவப்பிலும் மூன்று சேர்ந்துவிட்டால், மாஜாங் ஆட்டத்தில் அதைவிடப் பெரிய கை, அதாவது காய்ச் சேர்க்கை, கிடையாது. ஆடுகிறவர்களில் பாதிப் பேர் வாழ்நாளில் ஒரு முறைகூட அப்படி முடித்ததில்லை. அந்த நேரத்தில் சிவப்பை வைத்திருப்பவன் அதை வெளியே விடமாட்டான்.

“குசுமி சான், முதல்ல கண்ணாடியை மாத்துங்க,” என்றார் மசுயோ அக்கா. ஆட்டக் கடை அவருடையது. நாலாவது ஆள் கிடைக்காததால் அவரே எங்களோடு உட்கார்ந்திருந்தார்.

“இந்த வயசுல பயந்து என்ன ஆகப்போகுது,” என்று குசுமி சிரித்தார்.

நான் ஒகுடாவைப் பார்த்தேன். கையில் இரண்டு சிவப்பு இருந்தால் ‘பொன்’ என்று சொல்லி அந்தக் காயை எடுத்துக்கொள்ளலாம். அவன் சொல்லவில்லை. தன் காய்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இல்லை போலிருக்கிறது.

எனக்கு மூச்சு வந்தது. என்னிடமும் ஒரு சிவப்பு இருந்தது. அதைப் போடவும் முடியாமல், வைத்துக்கொண்டு ஆடவும் முடியாமல் திணறிக்கொண்டிருந்தேன்.

ஒகுடாவுக்கும் எனக்கும் சேர்ந்து ஒரு பட்டறை. ஹிகாஷி ஒசாகாவில், ரயில் பாதை ஓரமாக, ஸ்பிரிங் செய்கிறோம். வேலை பார்த்த இடத்திலிருந்து இருவரும் ஒரே நாளில் விலகி, ஒரு பழைய மிஷினை வாங்கி ஆரம்பித்தது. குசுமியின் தொழிற்சாலை அடுத்த தெருவில். எங்களைவிடப் பல மடங்கு பெரிது. போன வருஷம் எங்களை விலைக்குக் கேட்டார். முடியாது என்று முதலில் சொன்னவன் ஒகுடாதான். இன்று சனிக்கிழமை மத்தியானம், “மனுஷன் நல்லவர்டா, சும்மா ஒரு ஆட்டம் ஆடலாம் வா,” என்று என்னை இழுத்து வந்தவனும் அவன்தான்.

அடுத்த முறை என்னுடையது. ஒரு காய் எடுத்தேன். சிவப்பைப் போட்டேன்.

“பொன்.”

ஒகுடாவின் குரல். அவனுக்கே தெரியாமல் வந்துவிட்டது போல இருந்தது.

இரண்டு சிவப்புக் காய்களைத் திருப்பி வைத்து, என்னுடையதை அவற்றோடு சேர்த்தான்.

“போச்சு,” என்றார் மசுயோ அக்கா, என்னைக் காட்டி. “மூணாவது நிறத்தைக் கொடுத்தது தெரமோட்டோ. பொறுப்பு அவர் தலையில. இனி ஒகுடாவே காய் எடுத்து முடிச்சா, நாங்க ரெண்டு பேரும் தப்பிச்சோம். மொத்தமும் அவர்தான் கட்டணும்.”

அது எனக்குத் தெரிந்த விதிதான். தலையாட்டினேன்.

அக்கா ஒகுடா பக்கம் திரும்பினார். “அது சரி, ஜோடியைக் கையில வெச்சுக்கிட்டு, முன்னாடி வந்த சிவப்பை ஏன் விட்டீங்க?”

“கவனிக்கல,” என்றான்.

கவனிக்கவில்லையாம். மிஷின் சத்தத்தை வாசலில் நின்று கேட்டே எந்தப் பல் தேய்ந்திருக்கிறது என்று சொல்கிறவன்.

சிவப்பு மொத்தமே நாலு காய். குசுமி போட்டதை விட்டால் மிச்சம் ஒன்றுதான். அது எங்கே இருக்கிறது, வருமா வராதா என்று அவனுக்குத் தெரியாது. வாழ்நாளில் ஒரு முறை வரும் கையை அவன் கைவிடத் தயாராக இருந்தான். என்னுடைய சிவப்பு வந்தபோதுதான் மனசு கேட்கவில்லை.



இப்படிக் காயை விட்டுக்கொடுப்பது எங்கள் பழக்கம். அவனுடையதும் என்னுடையதும். பட்டறை ஆரம்பித்த புதிதில், பெரிய கம்பெனிகளிலிருந்து கொள்முதல் பார்க்கிறவர்களை இந்த மாதிரிக் கடைகளுக்கு அழைத்து வருவோம். அவர்கள் போடும் காயை நாங்கள் எடுப்பதில்லை. எவ்வளவு நல்ல கையாக இருந்தாலும் சரி. நம்மால் அவர்கள் தலையில் பொறுப்பு விழக்கூடாது, அவர்கள் முகம் வாடக்கூடாது. வருஷக்கணக்காகச் செய்து செய்து, யோசிப்பதற்கு முன்பே வாய் மூடிக்கொள்ளும்.

நமக்குச் சோறு போடுகிறவருக்கு மட்டும்தான் அதைச் செய்வோம்.

குசுமி எங்களுக்கு ஒரு ஸ்பிரிங்கூட ஆர்டர் கொடுத்ததில்லை.

எங்களுக்கு.

ஒகுடாவின் முறை வந்தது. எடுத்த காயைக் கட்டைவிரலால் தடவினான். அப்படியே மேசையில் வைத்தான். தன் காய்கள் எல்லாவற்றையும் சாய்த்துக் காட்டினான். முடித்துவிட்டான். முகத்தில் சந்தோஷமே இல்லை.

“அடேயப்பா,” என்று மசுயோ அக்கா மெல்லச் சொன்னார். குசுமி கைதட்டினார்.

நான் என் புள்ளிக் குச்சிகள் எல்லாவற்றையும் அவன் பக்கம் தள்ளினேன். அப்படியும் பற்றவில்லை.

“எப்பலேருந்துடா?”

ஒகுடா குச்சிகளை அடுக்கிக்கொண்டே இருந்தான். அடுக்கியதைக் கலைத்துத் திரும்பவும் அடுக்கினான்.

குசுமி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். பிறகு அவனை.

“அவர்கிட்ட பேசியாச்சுன்னு இல்ல எங்கிட்ட சொன்னீங்க?”

ஒகுடா சட்டென்று எழுந்தான். முழங்கால் இடித்து மேசை குலுங்கியது. கைகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, இடுப்பு வளைய ஆழமாகக் குனிந்தான்.

என் பக்கம் அல்ல.

“மன்னிச்சுக்குங்க, முதலாளி.”