இன்னார்

மாநகராட்சிக்கு வரும் புகார்களை இயந்திரம் பதமாக மாற்றி எழுதுவதற்கு விதிகள் போட்டவள் தவமணி. 'இன்னார் விஷவாயு தாக்கி இறந்தார்' என்று வந்தால், 'இன்னார் உடல்நலக் குறைவால் காலமானார்' என்று மாறிவிடும். இன்னார் என்ற இடத்தில் எந்தப் பெயரும் பொருந்தும்.

போன செவ்வாய்க்கிழமை அந்த இடத்தில் அவள் தம்பி மாசிலாமணி வந்தான். சாக்கடைக் குழிக்குள் இறங்கியவன் மேலே வரவில்லை. எப்படியெல்லாமோ எழுதிப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் உடல்நலக் குறைவுதான்.

"சார், அந்த விதிய மட்டும் எடுத்துரலாமா?"

"நீங்க போட்டதுதானேம்மா? ஒருத்தருக்காக எடுத்தா, நாளைக்கு எல்லாரும்ல காரணம் கேப்பாங்க," என்றார் மேலாளர்.

கடைசியில் தம்பியின் பெயரை மட்டும் தட்டினாள். இயந்திரம் அதில் கை வைக்கவில்லை. "புகார் ஏதும் இல்லை. நன்றி," என்றது.