தையில் முடியாது

அன்று கொல்கத்தா சால்ட் லேக் வீட்டில் இருந்தவர்கள் ஆறு பேர்: விஸ்வநாதன், மனைவி ஷியாமளா, மகள் மேக்னா, மாப்பிள்ளை பிரவீண், அவனைப் பெற்ற வேதாச்சலம், மஞ்சுளா. பிள்ளைகளுக்குப் பிடித்துவிட்டது. நாள் குறிப்பதுதான் பாக்கி.

“தையிலேயே வச்சுக்கலாம்,” என்றார் வேதாச்சலம்.

விஸ்வநாதனின் முதுகு நிமிர்ந்தது. “தையில பரீட்சை. வைகாசியில வைக்கலாம்.”

“என்ன படிப்பு?”

“பப்ளிக் அட்மினிஸ்ட்ரேஷன்ல ஒரு முதுகலைப் பட்டம், இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ்ல ஒண்ணு. ரெண்டையும் சேர்த்துப் படிக்கிற கோர்ஸ்.”

மஞ்சுளா சிரித்தாள். “ஒண்ணு போதாதா அண்ணா? சரி, படிக்கட்டும். எங்க வீட்டுல இருந்தே போய் எழுதட்டுமே.”

விஸ்வநாதன் திகைத்தார். “உங்க வீட்டுல இருந்தா? அது மரியாதை இல்லை.”

“எங்க வீட்டுல என்ன மரியாதைக் குறைச்சல்?” வேதாச்சலம் எழுந்துவிட்டார். பிரவீணின் முகம் வாடியது.

“பொண்ணைப் பெத்தவ சம்பந்தி வீட்டுல தங்கியா பரீட்சை எழுதுவா? மேக்னா படிப்பை முடிச்சு மூணு வருஷம் ஆச்சு. படிக்கிறது என் சம்சாரம். என்னோட எட்டு டிரான்ஸ்ஃபருக்காக எட்டு தடவை படிப்பை விட்டவ. ஒன்பதாவது தடவை விட நான் சம்மதிக்க மாட்டேன்.”

“தையிலேயே வைங்க. நான் அடுத்த வருஷம் எழுதிக்கிறேன்,” என்றாள் ஷியாமளா மெதுவாக.

மஞ்சுளா போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். “வைகாசியே இருக்கட்டும். அண்ணி, அந்தக் கோர்ஸுக்கு வயசு வரம்பு உண்டா?”

ஜாதகம் பொருந்தாமல் கல்யாணம் தள்ளிப்போனதாகக் கொல்கத்தாத் தமிழர்களிடையே ஒரு பேச்சு உலவுகிறது. அது தவறு. பெண்ணின் அம்மாவுக்குப் பரீட்சை இருந்தது.