நேர் ரோட்டுக்கு ராஜா

“எவ்வளவு தூரம் ஓடணும் தம்பி?” என்று கேட்டாள் ஜெரோப்.

செபோய் சுற்றுமுற்றும் பார்த்தான். கென்யாவின் எல்டோரெட் நகரப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஓட்டக்காரர்கள் போட்டுக் கழித்த ஷூக்களைத் தார்ப்பாயில் பரப்பி விற்கும் வரிசையில் கடைசிக் கடை அவளுடையது. தெரிந்த முகம் எதுவும் பக்கத்தில் இல்லை என்று உறுதி செய்துகொண்டான்.

“சொல்ல முடியாதுக்கா. அரைக் கிலோமீட்டரும் இருக்கலாம், மூணும் இருக்கலாம். ஆனா பறக்கணும். நாளைக்கு.”

“நாளைக்கு மாரத்தான்ல தூரம் தெரியாம ஓடப்போற ஒரே ஆளு நீதான்” என்று சிரித்தாள். “உக்காரு. காலைக் காட்டு.”

காலுறையைக் கழற்றினான். கணுக்காலுக்கு மேலே வளையம் மாட்டியதுபோல் கறுத்த தழும்பு. ஜெரோப் அதைப் பார்த்தாள்.

“நான் காலைப் பார்த்தே ஆள் யாருன்னு சொல்லிடுவேன், தெரியுமா?”

செபோய் அவசரமாகக் காலுறையை மேலே இழுத்துக்கொண்டான்.

அவள் மூன்று ஜோடிகளை எடுத்து வைத்தாள். வெள்ளை, ஆரஞ்சு, நீலம்.

“ஒவ்வொண்ணா மடக்கிப் பாரு.”

நீலம் சப்பாத்திபோல் மடிந்தது. மற்ற இரண்டும் முக்கிப் பார்த்தும் அசையவில்லை.

“உள்ளே கார்பன் தகடு இருக்கு. கரண்டி மாதிரி வளைஞ்சது. அதுக்கு மேலயும் கீழயும் பஞ்சு. மிதிச்சா பஞ்சு அமுங்கும், காலை எடுக்கும்போது எழும்பும். முன்னங்காலை ஊனினதும் தகடு உன்னை அப்படியே முன்னாடி உருட்டி விட்டுடும். எடை எவ்வளவுங்கற? ஒரு ஷூ, நாலு முட்டை. வெள்ளையில பஞ்சு மெத்துமெத்துன்னு இருக்கும், முழு மாரத்தானுக்குச் சுகம். ஆரஞ்சு கொஞ்சம் கெட்டி, தகடும் விறைப்பு. குறைஞ்ச தூரத்துல அள்ளிட்டுப் போகும்.”

“அப்ப ஆரஞ்சு குடுங்க.”

“பொறு, முழுசா கேளு. குதிகாலுக்குக் கீழே பஞ்சு உயரம். அடி குறுகல். முக்காலி மேல நின்னு ஓடற மாதிரி. தகடு முன்னாடி மட்டும்தான் தள்ளும். நேர் ரோட்டுக்கு இது ராஜா. சட்டுனு திரும்பினியோ, குப்புறத் தள்ளிடும். உன் வேலைக்கு நீலம்தான் சரி. தகடு இல்லை, தட்டை அடி, தரையைக் கவ்வும். எந்தச் சந்துலயும் புகுந்து ஓடலாம்.”

“என் வேலையா?” செபோய்க்குத் தூக்கிவாரிப் போட்டது.

“ஓடற வேலைதான். வேற என்ன?”

பிளாஸ்கிலிருந்து அவனுக்கும் ஒரு குவளை தேநீர் ஊற்றினாள். “உன் பையை மட்டும் பத்திரமா வெச்சுக்க. இந்த வருஷம் மூணு ஓட்டத்துலயும் ஓட்டக்காரங்க கூடாரத்துல வெச்ச பைங்க காணாமப் போச்சு. திருட்டுப் பயலுக்கு என்னா காலுங்கற! போலீசு நாக்குத் தள்ளி நின்னுச்சாம்.”

செபோயின் காது சூடேறியது. அந்த மூன்று நாளும் அவன் அந்தக் கூடாரத்துக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தான். அவனை இந்த வேலைக்கு ஏவிவிட்ட பெரியவர் நேற்றுச் சொன்னது நினைவுக்கு வந்தது: “நாளன்னிக்குப் பை என் மேசைக்கு வந்தாகணும். இல்லேன்னா என் மூஞ்சியில முழிக்காதே.”

“ஆரஞ்சுதான்” என்றான். “நீலத்தை மாட்டிக்கிட்டு தாத்தா மாதிரி ஓடச் சொல்றீங்களா?”

“உன் இஷ்டம். நீலத்தை நானே வெச்சுக்கறேன். என் அளவுதான்.”

பேரம் பேசாமல் கேட்டதைக் கொடுத்தான். புருவத்தை உயர்த்தியவள், புதுக் கயிறு ஒரு ஜோடியை இலவசமாகக் கையில் திணித்தாள்.

மறுநாள் காலை ஊரே தெருவோரம் திரண்டிருந்தது. முன்னணி ஓட்டக்காரர்கள் ஒரு சுற்று முடித்து வரும் நேரம். எல்லார் கண்ணும் சாலையில் இருந்தது. செபோயின் கண் மட்டும் கூடாரத்துப் பைகளின் மேல் இருந்தது.

ஓட்டக்காரர்கள் வந்தார்கள். கூட்டம் கைதட்டிக்கொண்டு முன்னால் நெருக்கியது.

“ஐயோ, பை! பிடிங்க, பிடிங்க!”

கூடாரத்துப் பெண் கத்தி முடிக்கும் முன்பே செபோய் ஓடிக்கொண்டிருந்தான்.

ஜெரோப் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு அடிக்கும் தரையே அவனைத் தூக்கி எறிந்தது. பின்னால் கேட்ட கூச்சல் தேய்ந்து மறைந்தது. பெட்ரோல் பங்க் கடந்தது, தேவாலயம் கடந்தது. இந்த வேகத்தில் அவன் பிறந்ததிலிருந்து ஓடியதில்லை. இடது பக்கம் மக்காச்சோளக் காட்டுக்குள் பிரியும் மண்பாதை. அங்கே நுழைந்துவிட்டால் முடிந்தது கதை. இன்னும் முப்பது அடி. இருபது. பத்து.

சட்டென்று திரும்பினான்.

ஷூ திரும்பவில்லை.

குப்புறப் போய் விழுந்த வேகத்தில் செம்மண் வாய்க்குள் போயிற்று. அவன் இடுப்பிலிருந்து, அரசாங்கம் கொடுத்த கைவிலங்கு கழன்று கலகலவென்று உருண்டது.

பத்தடி முன்னால், தோளில் பைகளோடு ஓடிக்கொண்டிருந்த திருட்டுக் கால்கள் நின்று திரும்பின. மண்ணில் கிடந்த செபோயின் கண்ணுக்கு நேராக இரண்டு நீல ஷூக்கள்.

“நேர் ரோட்டுக்குத்தான் ராஜான்னு நேத்தே சொன்னேனே! இதுக்கு, கணுக்கால்ல அந்தத் தழும்பு போட்ட உங்க போலீஸ் பூட்ஸையே மாட்டிட்டு வந்திருக்கலாமே, சார்” என்றாள் ஜெரோப்.